அப்பா தேடிய அமெரிக்க மடக்குக் கத்தி

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "அமெரிக்காவில செய்த நல்ல மடக்குக் கத்தி ஒண்டு வேணும். கையைக் கடிக்காத விலையில ஒக்லாந்தில எங்க கிடைக்கும்?" தோட்ட வேலைக்காம். உடனே ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். ஒருவர் இணையக் கடை ஒன்றைக் காட்டினார். இன்னொருவர் சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று பயமுறுத்தினார். எதைக் கேட்டாலும் "மலிவானதே போதும்" என்று சொல்லும் நண்பர் அதையே சொன்னார். நானும் எழுதி எழுதி அழித்தேன். எனக்குப் பதில் தெரியும், ஆனால் அது ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை. நம் எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக வாசியுங்கள்.

போருக்குத் தப்பி நாங்கள் ஒக்லாந்தில் வந்து இறங்கியபின் அப்பாவுக்குக் கிடைத்த முதல் வேலை பென்ரோஸில், ஒரு பண்டகசாலையில். வந்து சேரும் பெட்டிகளின் பட்டியை அறுத்துப் பிரிக்க வேண்டும். அங்கே கொடுத்த மலிவு மடக்குக் கத்தியில் அலகை இறுக்கிப் பிடிக்கும் வில் தளர்ந்து, ஒருநாள் அலகு அப்பாவின் சுட்டுவிரலிலேயே மூடிக்கொண்டது. விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்ட மேற்பார்வையாளர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக் காட்டினாராம். அமெரிக்காவில் செய்தது, தகப்பன் வைத்திருந்தது, இன்னும் ஆட்டம் இல்லை என்றாராம். அன்று தொடங்கியது பைத்தியம். அப்படியொரு கத்தி மனுகாவில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அப்பா அதன் விலையைப் பார்த்தார், கடைக்காரரிடம் நேரம் என்ன என்று கேட்டார், வெளியே வந்துவிட்டார்.

அதன்பிறகு பழைய சாமான்தான் கதி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, தெருவோரக் கராஜ் விற்பனை, தேவாலயம் நடத்தும் பழைய பொருள் கடை என்று ஒன்றையும் விடவில்லை. என்னையும் கூட்டிப் போவார். அலகு பிடியோடு சேரும் இடத்தில் பொறித்திருக்கும் பொடி எழுத்தை வாசிப்பது என் வேலை. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். கிட்ட இருக்கும் எழுத்தை வாசிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது, அதை ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

கேள்வி கேட்ட நண்பருக்கு அப்பாவின் பதில்தான் என் பதில். புதியதைத் தேடாதீர்கள், கட்டுப்படியாகாது. வீடு காலி செய்கிறவர்களின் மேசையைத் தேடுங்கள். பெட்டியில் இருக்கும் கொடியையும் பிடியில் இருக்கும் படத்தையும் நம்பாமல் அலகின் அடியில் பொறித்ததை மட்டும் நம்புங்கள். திறந்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூடும்போது கடைசியில் வில் இழுத்து 'டக்' என்ற சத்தம் வர வேண்டும். "சத்தம் குழைஞ்சால் வாங்காதை பிள்ளை, அது விரலைக் கேட்கும்" என்பார் அப்பா.

ஒருமுறை சந்தையில் கழுகும் கொடியும் போட்ட கத்தி ஒன்று அகப்பட்டது. பளபளவென்று இருந்தது. அப்பா காசை எடுத்துவிட்டார். நான் அலகின் அடியைப் பார்த்தேன். அங்கே வேறொரு நாட்டின் பெயர் இருந்தது.

"அப்பா, இது அமெரிக்காவில செய்ததில்லை."

அப்பா கத்தியை மேசையில் வைத்துவிட்டு, காசைத் திரும்பப் பையில் போட்டார். விற்றவன் எழுந்துவிட்டான். "என்னைப் பொய்யன் என்கிறாயா?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். அப்பாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

"சிரி பிள்ளை. சிரிச்சுக்கொண்டே நட. திரும்பிப் பாராதை."

நான் சிரித்தேன். கார் வரைக்கும் சிரித்தேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம் இருந்தது. எங்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. பேப்பர் வரும்வரை ஒருவரோடும் சண்டை கூடாது, பொலிஸ் வாசலுக்கு வரக் கூடாது, எங்கள் பெயர் எங்கேயும் கெட்ட விதத்தில் எழுதப்படக் கூடாது. சிவப்பு விளக்கு எரியும்போது வெறும் தெருவைக் கூட நாங்கள் கடந்ததில்லை.

கத்தி கடைசியில் கிடைத்தது மவுண்ட் ரோஸ்கில்லில், எங்கள் தெருவிலேயே. கணவரை இழந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போகிறார் என்று சாமான்களை வெளியே வைத்திருந்தார். ஃபீஜோவாப் பழம் விழுகிற காலம். வழியெல்லாம் பச்சைப் பச்சையாக உருண்டு கிடந்து, மிதிபட்டு, இனிப்பும் புளிப்புமாக மணத்தது. தூண்டில் சாமான்களுக்கு நடுவில் மஞ்சள் பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்று கிடந்தது. பிடி பழுப்பேறி, ஓரத்தில் மழுங்கியிருந்தது. நான் எழுத்தை வாசித்துச் சொன்னேன். அப்பா மூச்சு விடுவதை நிறுத்தியதைப் பக்கத்தில் நின்று உணர்ந்தேன். திறந்து, ஆட்டி, மூடினார். 'டக்' என்றது.

அந்தப் பெண்மணி ஒரு இறைச்சிப் பலகாரத்தின் விலைதான் கேட்டார். காசை வாங்கிக்கொண்டு, துடைத்த கத்தியைக் கையில் நீட்டினார். அப்பா வாங்கவில்லை, மேசையைக் காட்டினார். பெண்மணியின் முகம் சுருங்கிவிட்டது. என் கை அசுத்தமா என்று அவர் நினைத்திருப்பார், எங்கள் கறுப்புக் கையைக் கண்டுதான் முகம் சுருங்குகிறது என்று அப்பா நினைத்திருப்பார். நான் அவசரமாக, கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் எங்கள் ஆட்களுக்குள் சண்டை வரும் என்று விளக்கினேன். "அப்படியா, நாங்களும் கத்தியைச் சும்மா கொடுக்கமாட்டோம், உறவு அறுந்துவிடும் என்போம்" என்று சிரித்துக்கொண்டு மேசையில் வைத்தார். அப்பா இரண்டு கையாலும் எடுத்தார்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குத் தேசிக்காய் வெட்டிக் கொடுத்தார். புளி பட்டு, காலையில் பார்த்தால் அலகு கறுத்து நீலம் பாரித்திருந்தது.

"காசு குடுத்துக் கறள் பிடிச்ச இரும்பை வாங்கியிருக்கிறீங்கள்" என்றார் அம்மா.

"விசர்க்கதை கதையாதையும். கறுத்தால்தான் நல்ல உருக்கு. உம்மட கரண்டியள் கறுக்குமே?"

தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துளி விட்டுத் துடைத்து, பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தார். தினமும் வேலைக்குப் போகும்போது அங்கேயிருந்து எடுத்துக்கொள்வார். அந்த ஒரு மாதம் அப்பா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு காரை எடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம்.

அந்தப் பழக்காலம் முடிவதற்குள் நான் பெரியபிள்ளையானேன். இங்கே தாய்மாமனும் இல்லை, மாமியும் இல்லை. அம்மா தனி ஆளாக நினைவில் இருந்ததை எல்லாம் செய்தார். குளியலறையில் தண்ணீர் வார்த்தார், தனி அறையில் இருத்தினார், பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தார். உழுத்தம் மாவையும் எண்ணெயையும் அப்பா வாங்கி வந்து, அறை வாசலில் வைத்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார். எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கவும் முடியாது.

பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. காய்ச்சல் என்று அப்பா சொன்னார். மறுபடியும் வந்தது. பிள்ளையை மறித்து வைத்திருக்கிறார்கள் என்று யாராவது எழுதிவிட்டால் என்ன செய்வது என்று அப்பாவுக்குப் பயம். துடக்கு என்ற தீட்டுக் கழிய முன்னே என்னை அனுப்ப வேண்டியதாயிற்று. அம்மாவுக்கோ வேறு பயம். எண்ணெயும் முட்டையும் தின்ற பெண்பிள்ளை இரும்பு இல்லாமல் வெளியே போனால் பேய் பிசாசு ஏதாவது அண்டிவிடும்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை அம்மா கழற்றினார். அதை வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினார். கரண்டியில் ஒட்டவில்லை. சாவி பித்தளை. சட்டி அலுமினியம். கறிக்கத்தியில் ஒட்டியது, ஆனால் அது முழங்கை நீளம். பூச்சாடிக்குப் பக்கத்தில் இருந்த மடக்குக் கத்தியில் வைத்ததும் 'டிக்' என்று பாய்ந்து ஒட்டிக்கொண்டது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அது எதற்காகச் செய்யப்பட்டது, பள்ளிக்கூடத்தில் அதற்கு என்ன பெயர் என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவேயில்லை. இந்த ஊரில் பிள்ளையோடு அனுப்ப அவர் கண்ட முதல் உண்மையான இரும்பு அது.

மஞ்சள் பூசிய நூலால் இறுக்கச் சுற்றினார். என் பாவாடையின் உட்புறத்தில் ஒரு பை தைத்து, அதற்குள் போட்டார்.

"திறக்கப்படாது. ஆருக்கும் காட்டப்படாது. கொப்பருக்கும் மூச்சு விடாதை. துடக்கு முடிய நான் இருந்த இடத்தில வைச்சிடுவன்."

"அவர் தேடுவாரே அம்மா."

"வேலையில விட்டிட்டன் எண்டு நினைப்பார்."

அப்பா அப்படி நினைக்கவில்லை. காரின் இருக்கையைக் கழற்றினார். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார். பிறகு, கூட வேலை செய்கிற ஃபீஜிக்காரர் அந்தக் கத்தியை வாங்கி வாங்கிப் பார்த்தது நினைவுக்கு வந்துவிட்டது.

"அவன்தான் எடுத்திருக்கிறான். நாளைக்கு மேற்பார்வையாளரிட்டச் சொல்லப்போறன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கத்தி என் தொடையில் முட்டிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் ஒட்டிக்கொண்டது. "பாவம், சும்மா ஒரு மனிசனைச் சொல்லாதேங்கோ" என்று மட்டும் அம்மா சொன்னார். அப்பா மேற்பார்வையாளரிடம் போகவில்லை, ஆனால் அந்த மனிதரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். கிழமை முழுக்க எங்கள் வீட்டில் கதவுகள் பலமாகச் சாத்தப்பட்டன. எனக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. சொல்லிவிட்டால் அப்பா அம்மாவைத் திட்டுவார், சொல்லாவிட்டால் யாரோ ஒருவருக்குப் பழி.

அந்தக் கிழமையே விளையாட்டு வகுப்புக்கு உடை மாற்றும் அறையில் பாவாடையைக் கழற்றினேன். தையல் விட்டுவிட்டது. கத்தி சீமெந்துத் தரையில் விழுந்து, சுழன்று, அறை நடுவில் போய் நின்றது. யாரோ ஒருத்தி "நைஃப்!" என்று அலறினாள். ஆசிரியை ஓடிவந்து அதைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். நான் பாதி உடுப்போடு நின்றேன்.

துணை முதல்வர் பெரிய உருவம், ஆனால் மெதுவாகப் பேசுகிறவர். அவர் அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உனக்கு யாரிடமாவது பயமா?"

அவர் அடுத்ததைக் கேட்டார்.

"யாரையாவது குத்த நினைத்தாயா?"

தலையை ஆட்டினேன்.

"வீட்டில் உன்னை யாராவது ஏதாவது செய்கிறார்களா?"

அதற்கும் இல்லை என்றே தலையை ஆட்டினேன். அந்தக் கேள்வி எங்கே போகிறதென்று அன்று முழுதாக விளங்கவில்லை, இன்று விளங்குகிறது. காரணம் சொல்லாவிட்டால் பொலிஸைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். காரணம் ஒரே ஒரு வாக்கியம்தான். அதை ஒரு ஆம்பிளையிடம் சொல்வதைவிட ஜன்னலால் குதிப்பது எனக்குச் சுலபம். அவர் பென்ரோஸுக்கு, அப்பாவின் வேலைக்கு, தொலைபேசி எடுத்தார்.

அப்பா மினுங்கும் வேலை அங்கியோடு, பெட்டித் தூசு படிந்த தலையோடு வந்தார். மேசையில் கிடந்த கத்தியைக் கண்டதும் அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை நான் சத்தியமாகச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

வழக்கம்போல மொழிபெயர்ப்பாளர் நான்தான். வங்கியில், வைத்தியரிடம், வீட்டுச் சொந்தக்காரரிடம் எல்லாம் நான்தான் அப்பாவின் வாய். என் வழக்கையும் நானே மொழிபெயர்த்தேன்.

"இது ஆற்ற கத்தியெண்டு கேட்கிறார் அப்பா."

"என்ர எண்டு சொல்லு."

"என்னட்ட எப்பிடி வந்ததெண்டு கேட்கிறார்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "களவெடுத்தனியோ?"

"இல்லை."

"பிறகு?"

"உன் அப்பா என்ன கேட்டார்?" என்றார் துணை முதல்வர். நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பா மேசைப் பக்கம் குனிந்தார். கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக் கத்தியைப் பார்த்தார். பிடியில் மஞ்சள் அப்பியிருந்தது. நூலை ஒரு விரலால் தொட்டார். அப்படியே பின்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"பொலிசுக்குச் சொல்லுவினமோ எண்டு கேள்."

கேட்டேன். சரியான விளக்கம் இருந்தால் தேவையில்லை, இல்லாவிட்டால் கத்தி தகப்பனுடையதாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும் என்றார். அப்பாவுக்கு அது நான் சொல்லாமலே விளங்கியது. விளக்கம் என்னிடம் இருப்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பேப்பரை நினைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினேன்: "சேர், எங்கட அம்மா..."

"நிப்பாட்டு" என்றார் அப்பா. பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரே பேசினார். "என் கத்தி. நான் வைத்தது. பிள்ளை நடந்து வருகிறாள், பாதுகாப்புக்கு. என் பிழை."

துணை முதல்வரின் முகம் மாறியது. அதுவரை இருந்த கவலை போய் வெறுப்பு வந்தது. ஒரு தகப்பன் மகளின் உடுப்புக்குள் கத்தி வைத்து அனுப்புவதா என்று கேட்டார். இதை எழுதி, பிள்ளைகள் நலம் பார்க்கும் அலுவலகத்துக்கு அனுப்புவேன், வீட்டுக்கு ஆள் வரும் என்றார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன்.

"விளங்கினது. எழுதச் சொல்லு" என்றார் அப்பா.

கத்தியைப் பள்ளித் தவணை முடிவில் வந்து எடுக்கலாம் என்று துணை முதல்வர் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அப்பா ஒருபோதும் போகவில்லை.

இன்று எனக்குத் தெரிகிறது. அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் காது சிவந்து, கத்தியை ஒரு உறையில் போட்டுக் கொடுத்து, போய் வாருங்கள் என்றிருப்பார். அவரும் மோசமானவர் இல்லை. ஆனால் அன்று அந்த அறையில் எங்களில் யாருக்கும் மற்றவரைத் தெரியாது.

பின்னேரம் அம்மா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

"ஏன் உங்கட தலையில போட்டனீங்கள்? நான் குடுத்தது எண்டு சொல்லியிருக்கலாமே."

"அப்ப ஏன் எண்டு கேட்பான்."

"கேட்டால் பிள்ளை சொல்லும்தானே."

"அவளின்ர வாயாலயோ? அவனுக்கு முன்னால, என்னையும் வைச்சுக்கொண்டோ? என்ன கதைக்கிறீர் நீர்?"

அம்மா கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டார்.

"உதால பேப்பர் வராட்டி?"

"வராட்டிப் போவம்."

போவதென்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. அந்த இடத்துக்கு எங்கள் எல்லோரையும் திருப்பிக் கொண்டுபோகிற துணிவு அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது, அதை அவர் ஏன் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். அது கோபமல்ல, வேறொன்று என்று விளங்க வருடங்கள் ஆயின.

அடுத்த நாள் அப்பா வேலை முடிந்து வரும்போது ஒரு இரும்பு நட் கொண்டுவந்தார். அரத்தால் ஓரங்களை மழுக்கியிருந்தார். வாசலில் இருந்த சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போனார். அம்மா அதைக் காந்தத்தில் வைத்துப் பார்த்து என் பையில் போட்டார். அந்த ஃபீஜிக்காரருக்கு மறுநாள் எங்கள் வீட்டுக் கத்தரிக்காய்க் கறி போனது.

நலன் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சமையலறையைப் பார்த்தாள், படுக்கைகளைப் பார்த்தாள். அப்பா முன் அறையில் கதிரை நுனியில், தலை வாரி, சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டி இருந்தார். அந்தப் பெண் என்னைத் தனியாக என் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா அடிப்பாரா, குடிப்பாரா, அவரைக் கண்டு பயமா என்று கேட்டாள். ஒவ்வொன்றையும் எழுதினாள்.

நான் அவளிடம் சொன்னேன். ஒரே மூச்சில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, முட்டையையும் எண்ணெயையும் இரும்பையும் அம்மாவையும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"உன் அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் அவர் அதைச் சொல்லவில்லை?"

"நான் பக்கத்தில் நின்றேன்."

அவள் எழுதிய தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்தாள். என்ன செய்தாள், யாரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த குளிர்காலத்தில் எங்களுக்குப் பேப்பர் வந்தது.

ஆனால் அதற்கு வெகுகாலம் முன்னால், அவளுடைய கார் வாசலைத் தாண்டி முடிய முன்னே, அப்பா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பாராமலே கேட்டார்.

"என்ன கேட்டவ?"

"பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"பிடிச்சிருக்கு எண்டு."

"வேற ஒண்டும் கேட்கேல்லையோ?"

"இல்லை அப்பா," என்றேன். "வேற ஒண்டும் கேட்கேல்லை."